போக்கும் வரத்தும்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "சாலை, சிக்னல், நெரிசல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று ஓரமாக ஒரு வரி போட்டதுதான், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதி சிவில் படிக்கும் பிள்ளைகளுடையது. மீதி, தினமும் நெரிசலில் மாட்டிக்கொண்டு யாரையாவது திட்டித் தீர்க்கக் காத்திருப்பவர்களுடையது. இரண்டு கூட்டத்துக்கும் உதவுகிற மாதிரி சிலதை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: சிவில் மூன்றாம் ஆண்டு. பாடத்தின் பெயரிலேயே டிரான்ஸ்போர்ட்டேஷன், டிராஃபிக் என்று இரண்டு சொல் வருகிறது. தமிழில் இரண்டும் போக்குவரத்துதானே, என்ன வித்தியாசம்?

நம் மொழி இரண்டையும் ஒரே சொல்லில் மடித்து வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. முதலாவது பெரிய குடை. ஆளும் சரக்கும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக என்னென்ன வேண்டுமோ, சாலை, ரயில், துறைமுகம், விமான நிலையம், எல்லாம் அதற்குள் வரும். இரண்டாவது அதன் ஒரு மூலை: போட்டு முடித்த சாலையில் வண்டியும் ஆளும் எப்படி நகர்கிறார்கள், எங்கே தேங்குகிறார்கள், எங்கே மோதிக்கொள்கிறார்கள் என்பது.

ஆனால் அந்த மூலைதான் சிவில் படிப்பிலேயே விசித்திரமான இடம். கட்டடத்தில் நீங்கள் உத்தரத்தின் மேல் சுமையை வைத்தால் அது வைத்த இடத்தில் இருக்கும். "பக்கத்து உத்தரம் காலியாக இருக்கிறதே" என்று எழுந்து அங்கே போய் உட்காராது. சாலையில் சுமை அப்படிச் செய்யும். சுமைக்குப் புத்தி உண்டு, அவசரம் உண்டு, சில சமயம் கோபமும் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளைப் படியுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் திடீரென்று எல்லாம் நிற்கிறது. பத்து நிமிடம் ஊர்கிறோம். அப்புறம் பார்த்தால் விபத்தும் இல்லை, வேலையும் நடக்கவில்லை, வழி பளிச்சென்று கிடக்கிறது. யார்தான் காரணம்?

நீங்கள், உங்களுக்கு முன்னால் போனவர், அவருக்கும் முன்னால் போனவர். கோபித்துக்கொள்ள வேண்டாம், இதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் யூகி சுகியாமா என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவும் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டார்கள். முடிவுகளை 2008-ல் வெளியிட்டார்கள். சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, பள்ளம் இல்லை. எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் வாக்கில் சீராக ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு.

கொஞ்ச நேரம் சீராகத்தான் போனது. கணக்குப் போட்டால் ஒரு காருக்குப் பத்தரை மீட்டர் இடம்தான் கிடைக்கிறது, அதில் காரின் நீளமும் சேர்த்தி. அந்த நெருக்கத்தில் ஒருவர் லேசாகக் காலை எடுத்தால் பின்னால் இருப்பவர் அதைக் கவனித்துக் கொஞ்சம் கூடுதலாகவே பிரேக் போடுவார். அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கூடுதலாக. ஐந்தாறு கார் தாண்டுவதற்குள் ஒருவர் முழுசாக நின்றுவிடுகிறார். அந்த 'நின்ற கூட்டம்' ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. முன்பக்கம் ஒவ்வொரு காராகப் பிய்ந்து போக, பின்பக்கம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ள, நெரிசல் பின்னோக்கி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. கார் முன்னால் போகிறது, நெரிசல் பின்னால் போகிறது. நீங்கள் அதைக் கடந்து வெளியே வரும்போது, அதைத் தொடங்கி வைத்த ஆள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

இடைவெளி விட்டு ஓட்டினால் இந்த அலை உங்களிடம் வந்து கரையும். விட்ட இடைவெளியில் ஒருவர் வந்து நுழைவாரே என்று கேட்பீர்கள். நுழைவார்தான், என்ன செய்ய!

கேள்வி: "ஒரு சாலையில் மணிக்கு 1800 வண்டி போகிறது, சாலை நன்றாக இயங்குகிறதா?" என்று இன்டர்னல் தேர்வில் கேட்டார்கள். ஆம் என்று எழுதினேன், பூஜ்யம். ஏன்?

பூஜ்யம் கொஞ்சம் கொடுமைதான், ஆனால் கேள்வி அருமையான கேள்வி. உங்கள் ஆசிரியர் வேண்டுமென்றே குழி வெட்டியிருக்கிறார்.

மூன்று அளவுகள் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு கோட்டைத் தாண்டும் வண்டிகள், இது ஓட்டம். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இருக்கும் வண்டிகள், இது அடர்த்தி. மூன்றாவது வேகம். அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம், இதில் விவகாரமே இல்லை. விவகாரம் எங்கே என்றால், அடர்த்தி கூடக் கூட வேகம் குறையும். 1935-ல் அமெரிக்காவில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ், ஒஹையோ சாலைகளில் வண்டிகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, படத்திலிருந்து வேகத்தையும் இடைவெளியையும் அளந்து, இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டார். கையில் இருந்த புள்ளிகள் மிகக் குறைவு. இன்று யாராவது அத்தனை குறைந்த புள்ளிகளோடு கட்டுரை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் முதல் பாடம் இன்றும் அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது.

எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு லேன். காலியாக இருந்தால் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். அசையவே முடியாமல் அடைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 120 வண்டி. நேர்கோடு என்பதால், அடர்த்தி 30 ஆக இருக்கும்போது வேகம் 60; பெருக்கினால் ஓட்டம் 1800. அடர்த்தி 90 ஆக இருக்கும்போது வேகம் 20; அதற்கும் ஓட்டம் 1800! கோட்டோரம் நின்று எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒரே எண். ஒன்றில் ஓட்டுநர் பாட்டு கேட்டுக்கொண்டு போகிறார், மற்றதில் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டிருக்கிறார். நடுவே, அடர்த்தி 60, வேகம் 40 என்ற இடத்தில்தான் அதிகபட்ச ஓட்டமான 2400 கிடைக்கும். அதற்கு மேல் வண்டிகளை உள்ளே விட்டால் வெளியே வருவது குறையும்.

அதனால்தான் சில நாடுகளில் விரைவுச் சாலைக்கு ஏறும் வழியிலேயே சிக்னல் வைத்து, வண்டிகளை ஒன்றொன்றாக விடுகிறார்கள். வாசலில் அரை நிமிடம் நிறுத்துவதால் உள்ளே இருப்பவர்களுக்கும் சரி, நின்றவருக்கும் சரி, மொத்தப் பயணம் சீக்கிரம் முடிகிறது. நின்றவரை நம்ப வைப்பதுதான் கஷ்டம்.

விடைக்கு வருவோம்: "ஓட்டம் மட்டும் போதாது, வேகமோ அடர்த்தியோ கொடுத்தால்தான் சொல்ல முடியும்" என்று எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: உலகின் முதல் டிராஃபிக் சிக்னல் எது?

1868 டிசம்பரில் லண்டனில், பாராளுமன்றக் கட்டடத்துக்கு அருகே வைத்தது. ஜே. பி. நைட் என்ற ரயில்வே பொறியாளரின் யோசனை. ரயில் சிக்னல் போலவே கைகாட்டி, இரவுக்குக் கேஸ் விளக்கு. ஒரு மாதத்துக்குள் கேஸ் கசிந்து வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குக் காயம்.

கேள்வி: மஞ்சள் விளக்கு எதற்கு? பச்சை, சிவப்பு இரண்டு போதாதா? மஞ்சளைப் பார்த்தால் எல்லோரும் வேகத்தைத்தானே கூட்டுகிறார்கள்!

கூட்டுகிறார்கள். ஆனால் எல்லா நேரமும் தப்பு அவர்களுடையது இல்லை. சிக்னலை அமைத்தவர் மஞ்சளைக் குறைவாக வைத்திருந்தால், நல்ல ஓட்டுநரையும் அவர் குற்றவாளியாக்கிவிடுவார். எப்படி என்று பாருங்கள்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறீர்கள், அதாவது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். விளக்கு மாறுவதைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி என்று வையுங்கள். அதற்குள் 14 மீட்டர் போயாயிற்று. அப்புறம், உள்ளே இருப்பவர்கள் முன்னால் வந்து இடிக்காத அளவுக்கு, வினாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனால் நிற்க இன்னொரு 33 மீட்டர். ஆக 47 மீட்டர் இருந்தால்தான் நிதானமாக நிற்க முடியும்.

இப்போது மஞ்சள் 2 வினாடிதான் என்று வையுங்கள். அந்த நேரத்தில் அதே வேகத்தில் 28 மீட்டர்தான் போக முடியும். நீங்கள் நிறுத்தக் கோட்டிலிருந்து 40 மீட்டரில் இருக்கும்போது மஞ்சள் விழுகிறது. நிற்கப் பார்த்தால் கோட்டைத் தாண்டித்தான் நிற்பீர்கள். போகப் பார்த்தால் கோட்டுக்கு 12 மீட்டர் முன்னாலேயே சிவப்பு வந்துவிடும். எது செய்தாலும் தப்பு! இந்த இக்கட்டான பகுதியைப் பற்றிக் காஸிஸ், ஹெர்மன், மராடுடின் என்ற மூவர் 1960-லேயே கணக்கோடு எழுதிவிட்டார்கள். 47-ஐ 14-ஆல் வகுங்கள், 3.4 வினாடி வரும். அதற்குக் குறையாமல் மஞ்சள் வைத்தால் இந்தப் பொறி மறைந்துவிடும். வேகம் கூடுதலான சாலையில் மஞ்சளும் கூடுதலாக இருக்க வேண்டும். எல்லாச் சந்திப்புக்கும் ஒரே எண்ணைத் தட்டிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

ரொம்ப நீட்டினாலும் வம்பு. மஞ்சள் ஆறேழு வினாடி என்று ஊருக்கே பழகிவிட்டால், அதையும் பச்சையாகவே எடுத்துக்கொள்வார்கள். சுமைக்குப் புத்தி உண்டு என்றேனே.

கேள்வி: சரி, பச்சையையாவது தாராளமாக வைக்கலாமே? ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தால் கூட்டம் கரைந்துவிடாதா?

உங்கள் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் பச்சை என்றால், மற்ற மூன்று பக்கத்துக்கும் சேர்த்து ஆறு நிமிடம் உங்களுக்குச் சிவப்பு. அதை மறந்துவிடுகிறோம்.

நீளமான சுற்றில் லாபம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவை பக்கம் மாறும்போதும், முதல் வண்டி கிளம்பும் தயக்கத்திலும் கடைசி வண்டி வெளியேறும் நேரத்திலும் ஒரு 3 வினாடி வீணாகிறது. நான்கு பக்கத்துக்கு 12. ஒரு நிமிடச் சுற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு, இரண்டு நிமிடச் சுற்றில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் நீட்ட நீட்ட மிச்சமாவது சொற்பம், காத்திருப்பது மட்டும் ஏறும். பிரிட்டனின் சாலை ஆய்வுக் கூடத்தில் இருந்த வெப்ஸ்டர் 1958-ல் தந்த சூத்திரம் இந்த இழுபறிக்குத்தான்: வீணாகும் வினாடிகளை ஒன்றரை மடங்காக்கி 5 கூட்டுங்கள், சந்திப்பின் மொத்தத் திறனில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே தேவைப்படுகிறது என்று பார்த்து, அதை ஒன்றிலிருந்து கழித்து, வந்ததால் வகுங்கள். தேவை 0.7 என்றால் 23-ஐ 0.3-ஆல் வகுக்க, 77 வினாடி. தேவை 0.9 ஆனால் 230 வினாடி! சூத்திரம் இப்படி எகிறும்போது, நேரத்தை மாற்றி இனிப் பலனில்லை, சந்திப்பையே மாற்றுங்கள் என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் 230 என்று எழுதி இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: புதிதாக ஒரு இணைப்புச் சாலை போட்டால் நெரிசல் கூடும் என்று வகுப்பில் சொன்னார்கள். இது எப்படி சாத்தியம்? சும்மா பயமுறுத்துகிறார்களா?

இல்லை, நிஜம். 1968-ல் டீட்ரிக் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் காட்டியது. நானே ஒரு கணக்கு செய்து தருகிறேன், தாளில் படம் போட்டுக்கொண்டு படியுங்கள்.

காலையில் 2000 வண்டிகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக வேண்டும். இரண்டு வழி. மேல் வழியில் முதல் பாதி குறுகலான சாலை, இரண்டாம் பாதி அகலச் சாலை. கீழ் வழியில் முதல் பாதி அகலம், இரண்டாம் பாதி குறுகல். அகலச் சாலையில் எத்தனை பேர் போனாலும் 25 நிமிடம். குறுகலில் போகிற வண்டிகளின் எண்ணிக்கையை 100-ஆல் வகுத்தால் எத்தனையோ அத்தனை நிமிடம். கூட்டம் தானாகவே ஆயிரம் ஆயிரமாகப் பிரியும். ஆளுக்கு 10-ம் 25-ம் சேர்த்து 35 நிமிடம்.

இப்போது நடுவில், மேல் குறுகலின் முடிவிலிருந்து கீழ்க் குறுகலின் தொடக்கத்துக்கு ஒரு அருமையான பாலம் கட்டுகிறோம், கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு விழா முடிந்தது. முதல் நாள் ஒருவர் இரண்டு குறுகலையும் பாலம் வழியே கோத்துப் போகிறார்: 10-ம் 10-ம் 20 நிமிடம். அடடா! மறுநாள் அவருடைய நண்பர்கள். அடுத்த வாரம் எல்லோரும். இரண்டு குறுகலிலும் இப்போது 2000 வண்டி. ஆளுக்கு 20-ம் 20-ம் 40 நிமிடம். சரி, பழைய வழிக்கே திரும்பலாம் என்றால், குறுகல் 20, அகலம் 25, மொத்தம் 45. யாரும் திரும்ப மாட்டார்கள். பாலத்துக்கு முன் 35, பின் 40, அதுவும் ஒவ்வொருவரும் தனக்கு நல்லதையே தேர்ந்தெடுத்ததால்.

வாட்ராப் என்ற பிரிட்டிஷ் போக்குவரத்து ஆய்வாளர் 1952-லேயே இரண்டு விதிகளாக இதைப் பிரித்துச் சொன்னார்: ஒவ்வொருவரும் தனக்குக் குறைந்த நேரத்தைத் தேடினால் கூட்டம் ஒரு விதமாக அமையும்; மொத்தப் பேருக்கும் சேர்த்து நேரத்தைக் குறைத்தால் இன்னொரு விதமாக அமையும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்காகப் பாலமே கட்டக் கூடாது என்று வாதாட வராதீர்கள். கட்டுவதற்கு முன் யார் எந்த வழியை விட்டு எந்த வழிக்கு வருவார்கள் என்று கணக்குப் பார்க்காமல் கட்டக் கூடாது, என் கட்சி அவ்வளவுதான்.

மனிதர்களைத் திருப்ப வேறு வழியும் உண்டு. ஸ்டாக்ஹோமில் 2006-ன் முதல் ஏழு மாதம் நகர மையத்துக்குள் வர, வெளியே போகக் கட்டணம் போட்டுப் பார்த்தார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. கட்டணத்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. 2007-ல் நிரந்தரமாகவே கொண்டுவந்துவிட்டார்கள்.

கேள்வி: போகும்போது 60, வரும்போது 30. சராசரி 45 இல்லையா?

இல்லை, 40. ஒரு கிலோமீட்டர் போக ஒரு நிமிடம், வர இரண்டு நிமிடம். 2 கிலோமீட்டருக்கு 3 நிமிடம். சாலையோரம் நின்று வேகங்களை அளந்து கூட்டி வகுத்தால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஓட்டம், அடர்த்திக் கணக்கில் இந்தக் கூடுதல் எண்ணைப் போட்டால் விடை தப்பு.

கேள்வி: சாலை சீக்கிரம் பெயர்வதற்கு எங்கள் கார்களின் எண்ணிக்கைதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

தாரைப் பொறுத்தவரை உங்கள் கார் ஒரு ஈ. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958 முதல் 1960 வரை இதற்கென்றே வளையச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து வெவ்வேறு எடையுள்ள லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். அதிலிருந்து கிடைத்த தோராய விதி: சேதம், ஆக்ஸில் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறும். சுமை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. கார் ஆக்ஸில் அரை டன், லாரி ஆக்ஸில் 8 டன் என்றால் 16 மடங்கு சுமை. 16-ஐ நான்கு தடவை பெருக்கினால் 65,536. லாரியின் ஒரு நடைக்குக் காரின் அத்தனை நடை சமம். ஆக்ஸில் மேல் 20 சதவீதம் கூடுதல் பாரம் என்பது கேட்கச் சின்ன விஷயம்போல் இருக்கும், 1.2-ஐ நான்கு தடவை பெருக்குங்கள், சேதம் இரட்டிப்பு. நான்காம் அடுக்கு என்பது கல்வெட்டு இல்லை, சாலையின் வகையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

கேள்வி: ரவுண்டானாவா, சிக்னலா?

கூட்டம் மிதமாக இருந்தால் ரவுண்டானா. சாதாரண நாற்சந்தியில் வண்டிப் பாதைகள் வெட்டியோ சேர்ந்தோ பிரிந்தோ போகும் புள்ளிகள் 32. ஒரு லேன் ரவுண்டானாவில் 8, அவற்றில் நேருக்கு நேர் வெட்டுவது ஒன்றுகூட இல்லை. உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை என்ற விதி முக்கியம். பிரிட்டனில் அது 1966-ல்தான் வந்தது. அதைக் கடைப்பிடிக்காவிட்டால் வட்டம் அடைத்துக்கொள்ளும், வெளியே போக வேண்டியவரும் உள்ளேயே நிற்பார்.

கேள்வி: அரை மணி நேரம் பஸ் வராது, வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வரும். டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?

பேசவே தேவையில்லை. ஒரு பஸ் ஒரு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூடுதல் ஆட்கள் காத்திருப்பார்கள். ஏற்ற நேரமாகும், இன்னும் தாமதம், அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே மிச்சமில்லை, அது விர்ரென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். உங்களுக்கு இரட்டை நஷ்டம் வேறு: 10 நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் 5, 15 என்று மாறி மாறி வந்தால் 6 நிமிடம் 15 வினாடி. ஏனென்றால் நீங்கள் நிறுத்தத்துக்கு வந்து சேர்வது அந்த 15 நிமிட இடைவெளியில்தான் என்பதற்கு வாய்ப்பு மூன்று மடங்கு அதிகம். மருந்து, வழியில் ஓரிரு இடத்தில் முன் பஸ்ஸைக் கொஞ்சம் பிடித்துவைக்காமல் பின் பஸ்ஸைப் பிடித்துவைப்பது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள்.

கேள்வி: இந்தப் பாடத்தை நன்றாகப் படிக்க என்ன செய்யலாம்?

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சந்திப்பில், பாதுகாப்பான இடமாகப் பார்த்து, ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள். கால் மணிக்கு ஒரு தடவை தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மாணவனாக இருந்தபோது சோம்பல்பட்டு ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதிக் கொண்டுபோனேன், ஆசிரியர் திருப்பி அனுப்பினார். கால் மணிகளில் 300, 420, 360, 320 வண்டி என்று வையுங்கள், மொத்தம் 1400. ஆனால் அந்த 420 வந்த வேகத்திலேயே மணி முழுதும் வந்திருந்தால் 1680. 1400-ஐ 1680-ஆல் வகுத்தால் 0.83. சாலை திணறுவது அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான், மொத்த எண் அதை மறைத்துவிடும். எண்ணும்போதே வேறு சிலதும் கண்ணில் படும்: யார் எங்கே குறுக்கே நடக்கிறார், எந்த வண்டி எங்கே தயங்குகிறது. அது எந்தச் சூத்திரத்திலும் வராது.

கேள்வி: எனக்கு 70 வயது. நான் பாதி தூரம் கடப்பதற்குள் நடப்பவர்களுக்கான விளக்கு மாறிவிடுகிறது. நான்தான் மெதுவா?

நீங்கள் மெதுவாக நடக்கலாம், அது உங்கள் உரிமை. விளக்கைக் கணக்கிட்டவர் பெரும்பாலும் வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்திருப்பார், பழைய வழக்கம் அது. சாலை 14 மீட்டர் அகலம் என்றால் 12 வினாடி போதும் என்று தாளில் வந்துவிடும். நீங்கள் 0.8 மீட்டர் வீதம் நடந்தால் பதினேழரை வினாடி வேண்டும். 12 முடியும்போது இன்னும் 4 மீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும். அமெரிக்காவின் சாலைச் சிக்னல் கையேட்டில் 2009-ல் அந்த 1.2-ஐச் சுமார் 1.07-ஆகக் குறைத்தார்கள், அதுவும் உங்களுக்குப் போதாது. அகலச் சாலை என்றால் நடுவில் ஒரு திட்டு இருக்க வேண்டும், பாதி கடந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த விளக்குக்குப் போகலாம். அது இல்லாத இடத்தில், விளக்கு ஏற்கெனவே பச்சையாக இருக்கும்போது இறங்காமல், புதிதாக மாறும் நொடிக்குக் காத்திருந்து இறங்குங்கள். முழு நேரமும் உங்கள் கையில் இருக்கும்.